அமெரிக்கால கவர்னருக்கு எலெக்‌ஷனாமே, நெசமா? டீக்கடைல பந்தயம் கட்டிட்டேன், யாராச்சும் காப்பாத்துங்க

முக்கூடல்_காரன்

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் சின்னதுதான், ஆனா மானப் பிரச்சன ஆயிட்டு. எங்க சித்தப்பா மவன் ஒருத்தன் அமெரிக்கால ஒஹாயோல இருக்கான், அவன் நேத்து வாட்சப்புல ஒரு போட்டோ அனுப்புனான், ஒரு வீட்டு முன்னாடி புல்லுத்தரைல ரெண்டு கம்பிய நட்டு அதுல ஒரு போர்டு, நம்மூர்ல ‘இந்த இடம் விற்பனைக்கு’ன்னு வைப்பாவல்லா அந்த சைஸு, அதுல ஒரு ஆளு பேரு, கீழ கவர்னர்னு போட்டுருக்கு. என்னல இதுன்னு கேட்டா, எங்கூர்ல கவர்னர் எலெக்‌ஷன் வருது, நிக்கவங்கள்ல ஒருத்தன் நம்ம தமிழ் பேசுத ஆளுங்கான்.

நான் சும்மா கெடக்காம அத பஸ் ஸ்டாண்டு டீக்கடைல காட்டிட்டேன். அங்க பீடிக்கடை கணக்கப்பிள்ளை அண்ணாச்சி ஒருத்தர் தெனமும் வருவாரு, பேப்பர்ல டெண்டர் விளம்பரம் வரைக்கும் விடாம படிக்க மனுசன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி போன கிட்ட வச்சுப் பாத்துட்டு, ‘ஏல, கவர்னர்னா டெல்லிலேருந்து அனுப்புவான், வந்து எறங்குவாரு, பொன்னாட போடுவாவ, பட்டமளிப்பு விழாவுக்குப் போவாரு, காலம் முடிஞ்சா பொட்டியத் தூக்கிருவாரு, கவர்னர் எந்த ஊர்லல வீடு வீடா வந்து ஓட்டு கேக்கான், இது எவனோ கம்ப்யூட்டர்ல செஞ்ச போட்டோ’ன்னுட்டாரு. கடையே சிரிக்கி. எனக்கு ரோசம் வந்து பந்தயம் கட்டிட்டேன், தோத்தவன் ஒரு மாசத்துக்கு மத்தவன் டீக்கும் வடைக்கும் துட்டு குடுக்கணும். அண்ணாச்சி ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பாரு, வடை கணக்கு தனி.

அதனால தெரிஞ்சவங்க சொல்லுங்க. அங்க கவர்னருக்கு நெசமாவே ஜனங்க ஓட்டுப் போடுதாவளா, அப்படின்னா முதலமைச்சர் யாரு, ரெண்டு பேரும் அடிச்சுக்கிட மாட்டாவளா, சீட்டு யாரு குடுப்பா, ஓட்டுக்கு எவ்வளவு குடுக்காவ? அந்த ஒஹாயோக்காரர் உண்மைலயே நம்மாளா?

பாளை_குமாஸ்தா

தம்பி நீங்க ஜெயிச்சாச்சு, பயப்படாதீங்க. அண்ணாச்சி சொல்றது நம்மூர் கவர்னர். நம்ம அரசியல் சட்டத்துல 155-வது பிரிவுப்படி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டு நியமிக்கிற பதவி அது, ஓட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. அமெரிக்கால அதே பேர்ல இருக்குறது வேற சரக்கு. அங்க 50 மாநிலத்துலயும் கவர்னர ஜனங்கதான் நேரா ஓட்டுப் போட்டு எடுக்காங்க. முதலமைச்சர்னு ஒருத்தர் அங்க கிடையவே கிடையாது, நம்ம சி.எம். பாக்குற வேல மொத்தமும் அந்தக் கவர்னருக்கு. பட்ஜெட் போடுறது, துறைகளுக்கு ஆள் போடுறது, சட்டத்துல கையெழுத்துப் போடுறதும் மறுக்குறதும், தூக்குத் தண்டனை உள்ள மாநிலத்துல பல இடத்துல அத நிறுத்துறது வரைக்கும் அவர் கையில இருக்கு.

ஆனா ‘அப்ப சி.எம். மாதிரிதான்’னு நெனச்சுட்டு டீக்கடைல போய் உக்காராதீங்க, அண்ணாச்சி மடக்கிருவாரு. நம்ம சி.எம். எம்.எல்.ஏக்கள் தலைய எண்ணி உக்காருறவரு, தல கொறஞ்சா நாற்காலி போச்சு. 2017-ல கூவத்தூர் ரிசார்ட்ல எம்.எல்.ஏக்கள அடைச்சு வச்சிருந்தாங்கல்லா, டிவி முன்னாடி சோறு தண்ணி இல்லாம உக்காந்து பாத்தமே, அந்தக் கூத்து அமெரிக்கால நடக்க வழியே இல்ல. கவர்னர் அந்த ஊர் சட்டசபைல உறுப்பினரே கிடையாது. சபைல எதிர்க்கட்சிக்கு மெஜாரிட்டி இருந்தாலும் அவர் பாட்டுக்கு நாலு வருஷம் உக்காந்திருப்பாரு, நம்பிக்கை இல்லாத் தீர்மானம்னு ஒண்ணு இல்ல, சபை அவர எறக்கணும்னா பதவி நீக்க விசாரணை வச்சுதான் எறக்கணும். நியூ ஹாம்ப்‌ஷயர், வெர்மான்ட்னு ரெண்டு மாநிலத்துல மட்டும் ரெண்டே வருஷம். வர்ஜீனியால நாலு வருஷம் முடிச்சவர் அடுத்தடுத்து நிக்கக்கூடாது, ஒரு தவணை விட்டுத்தான் வரணும்.

இந்த 2026 நவம்பர் 3-ம் தேதி 36 மாநிலத்துல கவர்னர் தேர்தல் இருக்கு, ஒஹாயோவும் அதுல ஒண்ணு. போட்டோ ஒரிஜினல்தான்.

கொலம்பஸ்_களக்காடு

ஆகா, நம்ம ஊர்ப் பேச்சு கேட்டு எவ்வளவு நாளாச்சு. நான் களக்காடு, ஒஹாயோ கொலம்பஸ்ல இருக்கேன், 2021-ல சிட்டிசன்ஷிப் வாங்கினேன், அதனால ஓட்டு உண்டு. (கிரீன் கார்டுக்கு வரிசைல நிக்கவங்க எங்க தெருவுல ஏழெட்டு வீடு இருக்கு, வரி கட்டுவாவ, ஓட்டு கிடையாது, எலெக்‌ஷன் அன்னைக்கு நமக்கு போன் போட்டு யாருக்குப் போட்டீங்கன்னு மட்டும் கேப்பாவ.)

சீட்டு யாரு குடுப்பான்னு கேட்டீங்கல்லா, அதுதான் நான் இங்க வந்து வாயப் பொளந்த விஷயம். நம்மூர்ல கட்சி ஆபீஸ்ல துட்டு கட்டி விருப்ப மனு, பொறவு நேர்காணல், பொறவு தலைவர் வீட்டு வாசல்ல காத்துக் கெடக்கது, கடசீல ராத்திரி பத்து மணிக்கு லிஸ்ட் வந்தா நம்ம பேரு இருக்காது. இங்க கட்சி வேட்பாளர் யாருங்கறதையே ஓட்டு வச்சு எடுக்காவ, பிரைமரின்னு பேரு. ஒஹாயோல இந்த 2026-ல அது மே மாசம் 5-ம் தேதி. நான் 2022-ல மொத தடவ பிரைமரிக்குப் போனேன். ஒரு சர்ச்சு ஹால், பள்ளிக்கூடப் பிள்ளைய உக்காருத மாதிரி மடக்கு மேசை, காலைல ஆறரைக்கே தொறந்துட்டாவ. நம்ம வள்ளியூர் ஆச்சி வயசுல ஒரு அம்மா, கழுத்துல கண்ணாடி தொங்குது, என் லைசென்ஸ வாங்கிப் பாத்துட்டு ஹாலுக்கே கேக்க மாதிரி ‘எந்தக் கட்சி சீட்டு வேணும்’ங்காவ. எனக்கு தூக்கிவாரிப் போட்டுட்டு. நம்மூர்ல பூத்துக்குள்ள நின்னு எந்தக் கட்சின்னு வாயத் தொறந்தாலே கலவரம்லா. நான் பைய கிட்ட குனிஞ்சு சொன்னேன், அந்த அம்மாவுக்கு காது கேக்கல, திருப்பி சத்தமா சொல்ல வச்சிட்டாவ. கட்சில உறுப்பினர் கார்டு, சந்தா ஒண்ணும் கிடையாது, அன்னைக்கு எந்தச் சீட்டு கேக்கோமோ அந்தக் கட்சி. வெரல்ல மையும் கிடையாது, ஒரு ஸ்டிக்கர் குடுத்தாவ, அத சட்டைல ஒட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். (எல்லா மாநிலத்துலயும் இப்படி இல்ல, சில ஊர்ல முன்கூட்டியே கட்சிய பதிஞ்சவன்தான் போடலாம்.)

அந்த வருஷம் பதவில இருந்த கவர்னர் மைக் டிவைன், அவர எதுத்து அவரு கட்சிக்காரங்களே மூணு பேரு நின்னாவ. நெனச்சுப் பாருங்க, நம்மூர்ல இருக்க சி.எம்ம எதுத்து அவரு கட்சிக்காரன் நான்தான் அடுத்த சி.எம்.னு போஸ்டர் அடிச்சா, சாயங்காலமே ‘கட்சியின் கட்டுப்பாட்டை மீறி, கழகத்திற்கு அவப்பெயர் ஏற்படுத்தியதால் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்து பொறுப்புகளில் இருந்தும்’ வந்துரும்லா. இங்க அவரு பாட்டுக்கு ஜெயிச்சாரு, எதுத்தவங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போனாங்க, அவ்வளவுதான்.

டிவைன் ரெண்டு தவணை ஜெயிச்சாச்சு, இந்த ஊர்ல அடுத்தடுத்து மூணாவது நிக்கக்கூடாது, அதான் இப்ப நாற்காலி காலி. உங்க சித்தப்பா மவன் சொன்ன ஆளு விவேக் ராமசாமி. சின்சினாட்டில 1985-ல பொறந்தவரு, அப்பா இஞ்சினியர், அம்மா மனநல டாக்டர், குடும்பத்துக்கு பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம், வீட்டுல தமிழ். மருந்துக் கம்பெனி நடத்தி துட்டு சம்பாதிச்சவரு. 2024 ஜனாதிபதி தேர்தலுக்கு ரிபப்ளிக்கன் கட்சில நின்னாரு, ஐயோவா மாநிலத்துல நாலாவதா வந்ததும் அன்னைக்கு ராத்திரியே விலகிட்டாரு. இப்ப டிரம்ப் ஆதரவோட கவர்னருக்கு வாராரு. டெமாக்ரட் பக்கம் ஏமி ஆக்டன்னு ஒரு டாக்டரம்மா. 2020 கொரோனா நேரத்துல டிவைன் கவர்மென்டுல சுகாதாரத்துறைய பாத்தவங்க, தெனமும் மத்தியானம் டிவில வருவாவ, அதனால எங்க வீட்டுப் பொம்பளையாளுகளுக்கு கூட மூஞ்சி தெரியும். ஒஹாயோல 2006-க்குப் பொறவு டெமாக்ரட் கவர்னர் ஜெயிக்கல, டிரம்ப் மூணு தடவயும் இங்க ஜெயிச்சிருக்காரு, அத மனசுல வச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க.

துணைக் கவர்னர்னு ஒண்ணு இருக்கு, ஒஹாயோல ரெண்டு பேரும் ஜோடி, ஒரே வட்டம் கறுப்பாக்குனா ரெண்டு பேருக்கும் விழுந்துரும். அட்டர்னி ஜெனரல், ஆடிட்டர், கஜானா பாக்கவருன்னு அதுக்கெல்லாம் தனித்தனி ஓட்டு, சீட்டு முன்னும் பின்னும் நெறஞ்சு கெடக்கும். ஜட்ஜுக்குக் கூட நாமதான் போடணும். முன்னப்பின்ன தெரியாத ஜட்ஜுக்கு எத வச்சுப் போடன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

வே_சும்மா_இருங்க

பாலக்காடு எப்ப வே நம்மூரு ஆச்சு? தமிழ் பேசுனா நம்மாளா? 2023-லயே ஹெச்-1பி விசா லாட்டரிய ஒழிச்சுக் கட்டணும்னு சொன்ன ஆளு அவரு. நம்ம பயலுவ அந்த விசாலதான் அங்க கெடக்கான், இவன் இங்க நம்மாளு நம்மாளுன்னு துள்ளுதான்.

கொலம்பஸ்_களக்காடு

நான் அவருக்குப் போடப்போறேன்னு எங்க சொன்னேன் வே? நம்மாளான்னு கேட்டாவ, வீட்டுல தமிழ் பேசுதவருன்னு சொன்னேன். ஓட்டு யாருக்குங்கறத அந்த காது கேக்காத அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லுவேன்.

டவுண்_மைனி

இந்தியா வம்சாவளின்னா அவரு மொத ஆளு இல்ல தம்பி. பாபி ஜிண்டால்னு லூசியானால, பெத்தவங்க பஞ்சாப், 2003-ல நின்னு கேத்லீன் பிளாங்கோங்கற அம்மாகிட்ட தோத்து, 2007-ல ஜெயிச்சாரு, வயசு 36. பொறவு நிக்கி ஹேலி, அவங்களும் பஞ்சாபி சீக்கிய வீட்டுப் பிள்ள, 2010-ல தெற்கு கரோலினால. போன 2025 நவம்பர்ல வர்ஜீனியால ரெண்டு கட்சியும் பொம்பளையாளுகளத்தான் நிறுத்துனாவ, அபிகேல் ஸ்பான்பர்கர் ஜெயிச்சு அந்த மாநிலத்துக்கு மொத பெண் கவர்னர் ஆனாவ. கூடவே துணைக் கவர்னரா ஜெயிச்ச கஜாலா ஹாஷ்மி பொறந்தது நம்ம ஹைதராபாத். வர்ஜீனியால அந்தப் பதவிக்கு தனி ஓட்டு, ஜோடி கிடையாது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. பொம்பள கவர்னர்னு பெருமையா பேசுததுக்கு முன்னாடி ஆரம்பக் கத தெரியணும். அமெரிக்கால மொத ரெண்டு பெண் கவர்னரும் ஒரே நாள்ல ஜெயிச்சாவ, 1924 நவம்பர்ல. வயோமிங்ல நெல்லி ராஸ், புருசன் கவர்னரா இருக்கும்போதே செத்துட்டாரு, அந்த எடத்துக்கு இவங்கள நிறுத்துனாவ. டெக்சாஸ்ல மிரியம் ஃபெர்குசன், அது இன்னும் ருசியான கத. புருசன் கவர்னரா இருந்தப்ப 1917-ல ஊழல் புகார்ல பதவியப் பறிச்சு இனிமே நிக்கவே கூடாதுன்னு தடை போட்டாச்சு. மனுசன் விட்டாரா, பொண்டாட்டிய நிறுத்துனாரு. ரெண்டு பேர ஒரு வெலைக்கு வாங்கிக்கிடுங்கன்னுதான் பிரச்சாரமே. பொறவு 1966-ல அலபாமால ஜார்ஜ் வாலஸ் அடுத்தடுத்து நிக்க சட்டத்துல எடமில்லன்னு பொண்டாட்டி லர்லீன நிறுத்துனாரு, அவங்க ஜெயிச்சு பதவில இருக்கும்போதே 1968-ல கேன்சர்ல போயிட்டாவ. புருசன் கவர்னரா இல்லாத ஒரு பொம்பள தானா நின்னு ஜெயிக்க 1974 ஆச்சு, கனெக்டிகட்ல எல்லா கிராஸோ.

இத நான் ஏன் இவ்வளவு இழுக்கேன்னா, நான் ஒரு தடவ பெண்கள் வார்டுல மெம்பரா இருந்தவ. மொத கூட்டத்துக்குப் போறேன், மேசைல என் பேரு போட்ட நாற்காலில பக்கத்து வார்டு மெம்பர் அம்மாவோட வீட்டுக்காரரு உக்காந்து காப்பி குடிக்காரு. எந்திரிங்கன்னா ‘உங்க வீட்டுக்காரர் வரலையா மைனி’ங்காரு. கையெழுத்து அந்தம்மாவுது, கூட்டம் இவருது. டெக்சாஸ் கதய பொறவு படிச்சப்ப எனக்கு சிரிப்பு தாங்கல, நூறு வருசம் முன்னாடியே நம்ம பஞ்சாயத்த அங்க நடத்திட்டானேன்னு. இன்னொண்ணு, அந்த மிரியம்மா 1926-ல தோத்து, 1932-ல திருப்பி நின்னு ஜெயிச்சாவ, அதையும் சொல்லிரணும்.

ராதாபுரம்_ரவுண்டு

எல்லாரும் வெளிநாட்டு எலெக்‌ஷன் நேர்மையா சுத்தமா நடக்கும்னு நெனச்சிட்டிருக்கீக. நம்ம ராதாபுரம் மாதிரி ஒரு கேஸு அங்கயும் உண்டு, கேளுங்க.

நம்ம 2016 தெரியும்லா, இன்பதுரை அப்பாவுவ 49 ஓட்டுல ஜெயிச்சாரு, 49. தபால் ஓட்டுல கையெழுத்து சரியில்லன்னு தள்ளி வச்சது பிரச்சன ஆகி, ஐகோர்ட்டு மறுபடி எண்ணச் சொல்லி, சுப்ரீம் கோர்ட்டு முடிவ அறிவிக்காதன்னு நிறுத்தி, அது பாட்டுக்கு இழுத்துச்சு. எங்க தெருவுல அந்த 49-ல நான் ஒருத்தன்னு சொல்லுத ஆளு மட்டும் ஒரு எரநூறு பேரு இருப்பான்.

வாஷிங்டன் மாநிலம், 2004 கவர்னர் எலெக்‌ஷன். (தலைநகரு வாஷிங்டன் இல்ல, மேற்கு ஓரத்துல சியாட்டில் இருக்க மாநிலம்.) டினோ ரோஸி ரிபப்ளிக்கன், கிறிஸ்டின் கிரெகோயர் டெமாக்ரட், விழுந்த ஓட்டு 28 லட்சம் கிட்ட. மொத எண்ணிக்கைல ரோஸி 261 ஓட்டு முன்ன. சட்டப்படி திருப்பி மிஷின்ல எண்ணுனாவ, 42 ஆச்சு. பொறவு டெமாக்ரட் கட்சி துட்டு கட்டி கையால எண்ணச் சொல்லி, மூணாவது எண்ணிக்கைல கிரெகோயர் 129 ஓட்டுல ஜெயிச்சாவ. 28 லட்சத்துல 129. நடுவுல ஒரு மாவட்டத்துல எண்ணாம விட்ட ஓட்டு வேற கெடச்சிருக்கு, தப்பா ஒதுக்கி வச்சது. ரோஸி பார்ட்டி கோர்ட்டுக்குப் போச்சு, 2005 ஜூன்ல ஜட்ஜு எல்லாத்தையும் கேட்டுட்டு கிரெகோயர் ஜெயிச்சது செல்லும்னுட்டாரு. ஏழு மாசத்துல கேஸு முடிஞ்சிட்டு, அத மட்டும் நான் பொறாமையா சொல்லுவேன்.

2008-ல அதே ரெண்டு பேரும் திரும்ப மோதி கிரெகோயர் நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சாவ. இங்கயும் 2021-ல அதே ரெண்டு பேருதான், ஆனா இங்க அப்பாவு ஜெயிச்சு சபாநாயகரே ஆயிட்டாரு.

முக்கூடல்_காரன்

யப்பா இவ்வளவு சரக்கா. அண்ணாச்சிகிட்ட 155-வது பிரிவு வரைக்கும் படிச்சுக் காட்டிட்டேன், மனுசன் ம்னுட்டு வடைய பிச்சுத் தின்னுட்டு இருக்காரு. ‘சரில, நிக்காவன்னே வச்சுக்கிடுவோம், ஓட்டுக்கு எவ்வளவு?’ன்னு கேக்காரு. அப்படியே சினிமாக்காரன் நிப்பானான்னும் கேக்காரு.

தச்சநல்லூர்_தாத்தா

பேரப்புள்ள டைப் பண்ணுதான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு எம்பத்தொண்ணு.

சினிமாக்காரன் நிக்கது நாம சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்சீயளோ. 1967 மார்ச்சுல இங்க அண்ணா கோட்டைக்குப் போனாரு, அதே வருஷம் ஜனவரில அங்க கலிபோர்னியால ரொனால்டு ரீகன் கவர்னரா உக்காந்தாச்சு, சினிமா நடிகர். நம்ம எம்.ஜி.ஆர் முதலமைச்சர் ஆனது 1977. ரீகன் தோக்கடிச்சது பாட் பிரவுனுன்னு ரெண்டு தடவ கவர்னரா இருந்தவர. எட்டு வருஷம் கழிச்சு ரீகன் எந்திரிச்ச நாற்காலில யாரு வந்து உக்காந்தா, அந்த பாட் பிரவுன் மவன் ஜெர்ரி பிரவுன். வாரிசு நம்மூர்ல மட்டும்தான்னு மேடைல பேசுதானுவ. அதே ஜெர்ரி பிரவுன் 2010-ல எழுபத்திரெண்டு வயசுல திருப்பி நின்னு ஜெயிச்சாரு.

ஓட்டுக்கு எவ்வளவுன்னு கேட்டதுக்கு அந்தத் தேர்தலே பதில். எதுத்து நின்ன அம்மா மெக் விட்மன், பெரிய கம்பெனி தலைவியா இருந்தவங்க, சொந்தத் துட்டு 14 கோடி டாலர் போட்டாவ, தோத்தாவ. அங்க கவர்ல வச்சு வீட்டுக்கு வீடு நீட்டுத பழக்கம் இல்ல, மாட்டுனா ஜெயில். துட்டு பூராவும் டிவி விளம்பரத்துக்குப் போவுது. ஆனா துட்டு போட்டவன் எல்லாம் தோப்பான்னும் இல்ல, 2018-ல இல்லினாய்ஸ்ல பிரிட்ஸ்கருன்னு ஹோட்டல் குடும்பத்துக்காரரு 17 கோடி டாலருக்கு மேல சொந்தமா எறக்கி ஜெயிச்சாரு. திருமங்கலத்துக்காரனே மூக்குல வெரல வச்சிருவான்.

இன்னும் ஒண்ணு சொல்லுதேன், பேரன் கை வலிக்குங்கான். 2003-ல கலிபோர்னியால இருந்த கவர்னர் கிரே டேவிஸ நடுவுலயே எறக்கணும்னு ஜனங்க கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்த ஊர்ல அதுக்கு சட்டமே இருக்கு. சீட்டுல ரெண்டு கேள்வி, இவர எறக்கவா, எறக்குனா யார ஏத்த. நிக்கதுக்கு 65 பேரு கையெழுத்து, 3,500 டாலர், அவ்வளவுதான். விடுவானா, 135 பேரு நின்னுட்டானுவ. நடிகன், பத்திரிகைக்காரன், வெளங்காதவன், எல்லாரும். பேர அகர வரிசைல போட்டா முன்னால உள்ளவனுக்கு லாபம்னு எழுத்துகள குலுக்கல் போட்டு வரிசைய மாத்துனாவ. அதுல ஜெயிச்சவருதான் அர்னால்டு, உடம்ப ஏத்தி வச்சுக்கிட்டு ரோபோவா நடிச்சாருல்லா அவரேதான். ஆஸ்திரியால பொறந்தவரு, அதனால ஜனாதிபதிக்கு நிக்க முடியாது, கவர்னருக்கு அந்தத் தடை இல்ல.

135-க்கே உலகம் சிரிச்சுது. நம்ம மொடக்குறிச்சி 1996-ல 1,033 பேரு. விவசாயிங்க கோவத்துல கூட்டமா மனு போட்டாங்க, ஓட்டுச் சீட்டு கல்யாணப் பத்திரிகை மாதிரி இல்ல, பஞ்சாங்கம் மாதிரி புஸ்தகமா அடிச்சாவ, தேர்தலையே தள்ளி வச்சாவ. அதுக்குப் பொறவுதான் டெபாசிட்ட ஏத்துனது. அர்னால்டு எங்க ஈரோட்டுப் பக்கம் நின்னிருந்தா சீட்டுல தன் பேரத் தேடவே ஒரு நாளு ஆயிருக்கும்.

பேரன்_டைப்பிஸ்டு

தாத்தா தூங்கிட்டாங்க, நான் ஒண்ணு சேத்துக்கறேன். வெர்மான்ட்ல கவர்னருக்கு நிக்க கொறஞ்ச வயசே சட்டத்துல போடல. அதனால 2018-ல 14 வயசுப் பையன் ஒருத்தன் டெமாக்ரட் பிரைமரில நின்னான். ஓட்டுப் போட வயசு பத்தாது, ஓட்டு கேக்கலாம். அதே வருஷம் கேன்சஸ்லயும் பள்ளிக்கூடப் பசங்க கொஞ்சப் பேரு எறங்கி, அப்புறம் அந்த ஊர்ல 25 வயசுன்னு சட்டம் போட்டுட்டாங்க. இத எங்க தமிழ் மிஸ்கிட்ட சொன்னேன், மொதல்ல அரையாண்டு மார்க்க ஏத்துன்னுட்டாங்க.

வே_சும்மா_இருங்க

எல்லாரும் சேந்து அமெரிக்காக்காரன தூக்கி வச்சு ஆடுதீயளே, நேரா எடுத்த கவர்னர் எல்லாம் யோக்கியமா? இல்லினாய்ஸ்ல மட்டும் கவர்னரா இருந்தவன்ல நாலு பேரு ஜெயிலுக்குப் போயிருக்கான். பிளகோயெவிச்னு ஒருத்தரு, ஒபாமா ஜனாதிபதி ஆனதும் காலியான செனட் சீட்டுக்கு ஆள் போடுத அதிகாரம் கவர்னருக்கு, அத வெல பேசுனாருன்னு 2011-ல 14 வருஷம் தண்டனை. டிரம்ப்தான் பொறவு வெளிய விட்டாரு.

அதிகாரம்னா எப்படி வெளையாடுவான்னு கேளுங்க. அங்க நெறைய மாநிலத்துல கவர்னரு பட்ஜெட்ட முழுசா திருப்பி அனுப்ப வேண்டாம், புடிக்காத வரிய மட்டும் பேனாவ வச்சு அடிச்சுட்டு மிச்சத்துக்கு கையெழுத்துப் போடலாம். விஸ்கான்சின்ல அதுக்கும் மேல, நடுவுல உள்ள ஒரு வார்த்தைய, ஒரு எண்ணக் கூட அடிக்கலாம். 2023-ல டோனி எவர்ஸ்னு அங்க கவர்னரு, பள்ளிக்கூடத் துட்டு பிள்ள ஒண்ணுக்கு வருஷா வருஷம் 325 டாலர் கூட்டிக்கிடலாம்னு ஒரு சட்டம், அது 2023-24, 2024-25 ரெண்டு வருஷத்துக்குத்தான். மனுசன் என்ன செஞ்சாருன்னா நடுவுல உள்ள வார்த்தைய அடிச்சு, 2024-25-ல உள்ள 20-ஐயும் நடுக் கோட்டையும் அடிச்சிட்டாரு. என்ன ஆச்சு? 2425. நானூறு வருஷத்துக்கு துட்டு கூடிக்கிட்டே போவும். எதிர்க்கட்சி கோர்ட்டுக்கு ஓடுச்சு, 2025-ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு செல்லும்னுட்டு. இவரு ஓட்டு வாங்கி வந்த வாத்தியாரு, முன்னால பள்ளிக்கூட டீச்சரா இருந்தவரு, சரி. நம்மூர்ல மசோதாவ வருஷக்கணக்குல மேசைல போட்டு உக்காந்திருந்தா கவர்னரத் திட்டுதோம், அங்க பேனாவ வச்சு நானூறு வருஷத்த தூக்கிட்டான்.

பாளை_குமாஸ்தா

வித்தியாசம் இருக்கு வே. அந்தப் பேனா புடிக்கலன்னா நாலு வருஷத்துல ஜனங்க ஆள மாத்திருவாங்க. இந்தப் பேனாவ யாரு மாத்துறது?

வே_சும்மா_இருங்க

நானூறு வருஷம் அப்படியே இருக்கும்லா வே, ஆளு மாறுனா?

டவுண்_மைனி

அடுத்து வாரவன் சட்டம் போட்டு மாத்திக்கிடலாம் தம்பி, ரெண்டு பேரும் அடங்குங்க. முக்கூடல்காரரு எங்க, பந்தயம் என்னாச்சு?

முக்கூடல்_காரன்

மைனி, அத ஏன் கேக்கீங்க. சாயங்காலம் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன், பக்கத்துக்கு மூணு ரூவா. அண்ணாச்சி பீடி இலைக் கணக்கு நோட்ட மூடி வச்சிட்டு, ராதாபுரம் கத, டெக்சாஸ் கத, 2425 எல்லாத்தையும் உக்காந்து ஒரு வரி விடாம படிச்சாரு. 2425-க்கு மட்டும் வெரல் வச்சு ரெண்டு தடவ படிச்சு, ‘நல்லா இருக்குல, கூலிக் கணக்குல இப்படி ஒரு கோட்ட அடிக்க உட்டாம்னா’ன்னாரு. நான் சரி, தோல்விய ஒத்துக்கிட்டாருன்னு கடைக்காரர்ட்ட அண்ணாச்சி கணக்குல ரெண்டு டீன்னேன்.

உடனே கைய நீட்டிட்டாரு. ‘நில்லுல. நான் என்ன சொன்னேன்? கவர்னருக்கு எலெக்‌ஷன் கிடையாதுன்னு சொன்னேன். இதுல உங்க பாளையங்கோட்டை ஆளு என்ன எழுதிருக்காரு, அங்க கவர்னருங்கவரு நம்ம முதலமைச்சர் வேல பாக்கவருன்னு எழுதிருக்காரு. அப்ப அங்க நடக்கது முதலமைச்சர் எலெக்‌ஷன், பேரத்தான் அவன் தப்பா வச்சிருக்கான். அவன் தப்பா பேரு வச்சதுக்கு நான் ஏன்ல வடை வாங்கிக் குடுக்கணும்?’

கடைல உள்ளவன் பூராம் அவரு பக்கம் சாஞ்சுட்டான். கடைசீல டீ என் கணக்கு, வடை அவரு கணக்குன்னு பேசி முடிச்சிருக்கு, நவம்பர் 3 வரைக்கும். சித்தப்பா மவன்கிட்ட போர்டுல இருக்க பேர மாத்தச் சொல்ல முடியுமான்னு கேட்டேன், போனக் கட் பண்ணிட்டான்.